எண்ணெய் விக்கிற நாடும் தண்ணியில் எரியிற விளக்கும்

போன மாதம் நோர்வேயில் இருந்து மச்சான் குடும்பத்தோடு வந்து லா கூர்னெவ்வில் எங்கள் வீட்டில் நாலு நாள் நின்றார். ஒஸ்லோவில் இருந்து கரண்ட் காரிலேயே ஓடி வந்தவர். இறங்கினவுடன் சுகம் விசாரிக்க முதல் கேட்ட கேள்வி, "மச்சான், இஞ்ச எங்க சார்ஜ் போடுறது?"

எனது மனைவிக்குச் சிரிப்பு. "அண்ணை, எண்ணெய் விக்கிற நாட்டில இருக்கிற நீங்கள் கரண்டில ஓடுறியள். ஒரு சொட்டு எண்ணெய்க்கும் வழியில்லாத நாங்கள் பெற்றோல் அடிக்கிறம். இது என்ன ஞாயம்?" என்று கேட்டா. மச்சானும் சிரித்தார். ஆனால் பதில் சொல்லவில்லை. 30 வருசத்துக்கு மேல் அங்கே இருக்கிற மனிதருக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதே இல்லை என்று பிறகு சொன்னார்.

எனக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள் நின்றுவிட்டது. மத்தியான வேலைக்கும் பின்னேர வேலைக்கும் இடையில் கிடைக்கிற மூன்று மணித்தியாலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். படிப்பை இடையில் விட்டவனுக்கு இப்படியான நோய் அடிக்கடி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாசிக்க வாசிக்க, இது நோர்வேயின் கதை மட்டும் இல்லை, மன்னாரின் கதையும்தான் என்று விளங்கியது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையான விசயம். நோர்வேயில் மின்சாரத்துக்கு எண்ணெய் எரிப்பதில்லை என்றே சொல்லலாம். அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரில் இருந்து வருகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி காற்று. 2024 இல் அங்கே விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 கரண்ட் கார். தோண்டி எடுக்கிற எண்ணெயும் காஸும் கிட்டத்தட்ட முழுவதுமே வெளியில் விற்பதற்குத்தான். வடகடலில் இருந்து டன்கேர்க் துறைக்கு 840 கிலோமீற்றர் நீளத்தில் ஒரு குழாய் 1998 இல் இருந்து காஸ் கொண்டுவருகிறது. லாச்சப்பலில் நாங்கள் கொத்து அடிக்கிற அடுப்பில் எரியிற காஸிலும் ஒரு பங்கு நோர்வே காஸ்தான். அவர்களின் வீட்டு விளக்கு சுத்தம். புகை எங்கள் அடுப்பில்!

இதைக் கேட்டால் "எண்ணெய்க் காசு இருக்கு, அதால சுத்தமாய் இருக்கினம்" என்று லேசாகச் சொல்லிவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வரலாறு நேர் எதிர். தண்ணீர் முதல் வந்தது. எண்ணெய் அறுபது, எழுபது வருசம் பிந்தித்தான் வந்தது.

1891 இலேயே வடதுருவத்துக்குக் கிட்ட இருக்கிற ஹம்மர்ஃபெஸ்ற் என்ற சிறிய ஊரில் நீர்மின்சாரத்தில் தெருவிளக்கு எரிந்திருக்கிறது. மாரியில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாத ஊர், விளக்கின் அருமை தெரிந்த சனம். அந்தக் காலத்தில் நோர்வே ஏழை நாடு. சனம் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்களைப் போலத்தான், என்ன, ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டாமல் போனார்கள்.

1905 இல் நோர்வே சுவீடனிடம் இருந்து பிரிந்து தனிநாடானது. அதே வருசம் டிசம்பரில் நோர்ஸ்க் ஹைட்ரோ என்ற கொம்பனி தொடங்கியது. கிறிஸ்தியான் பிர்க்கலாண்ட் என்ற விஞ்ஞானியும் சாம் ஐடெ என்ற பொறியியலாளரும் சேர்ந்து, மின்பொறியால் காற்றில் இருந்து நைதரசனைப் பிடித்து உரம் செய்கிற முறையைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்குக் கணக்கில்லாத மின்சாரம் வேணும், மின்சாரத்துக்கு நீர்வீழ்ச்சி வேணும், நீர்வீழ்ச்சிக்குக் காசு வேணும். காசு எங்கிருந்து வந்தது தெரியுமோ? சுவீடனின் வாலன்பேர்க் குடும்பத்திடம் இருந்தும், இங்கே பாரிஸில் இருந்த ஒரு பெரிய வங்கியிடம் இருந்தும். 1911 இல் ரியூக்கன் பக்கத்தில் வேமோர்க் நிலையத்தைக் கட்டி முடித்தபோது அது உலகத்திலேயே பெரிய நீர்மின் நிலையம்.

அந்த வருசங்களில் வெளிநாட்டுக் கொம்பனிகளின் ஆட்கள் மலைக்கிராமங்களுக்குள் போய், கமக்காரரிடம் நீர்வீழ்ச்சிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கமக்காரனுக்கு அது ஆடு விழுந்து சாகிற பள்ளம், வாங்கியவனுக்குத் தங்கச் சுரங்கம். புதிதாகச் சுதந்திரம் எடுத்த நாடு, முதல் வருசத்திலேயே தன்ரை ஆறுகள் கைமாறிப் போவதைப் பார்த்தது.

1906 ஏப்ரலில் பாராளுமன்றம் அவசரம் அவசரமாக ஒரு சட்டம் போட்டது. அரசின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டவர் நீர்வீழ்ச்சி வாங்கக் கூடாது. அவசரத்தில் போட்டதால் சனம் அதற்கு வைத்த பேர் "பீதிச் சட்டம்". 1909 இல் அதை நிரந்தரமாக்கினார்கள். பிரதமர் குனார் க்னூட்சன், நீதி அமைச்சர் யோகான் காஸ்ற்பேர்க். அந்தச் சட்டத்தின் உயிர் ஒரே ஒரு விதியில் இருக்கிறது: தனியார் கொம்பனி அனுமதி எடுத்து அணை கட்டலாம், உழைக்கலாம். ஆனால் 60 முதல் 80 வருசத்துக்குப் பிறகு ஆறு, அணை, இயந்திரம் எல்லாம் ஒரு சதமும் வாங்காமல் அரசுக்குத் திரும்பவேண்டும். இது கொள்ளை என்று வழக்குப் போட்டார்கள். 1918 இல் உச்ச நீதிமன்றம் சட்டம் சரி என்று சொல்லிவிட்டது.

1917 இல் வந்த சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. உற்பத்தியாகும் மின்சாரத்தில் பத்து வீதம் வரை அந்த ஆறு ஓடுகிற ஊரின் சபைக்கு மலிவு விலையில் கொடுக்கவேண்டும். ஆறு எங்கள் ஊரில், வெளிச்சம் மட்டும் தலைநகரில் என்ற கதை அங்கே நடக்கவில்லை. 2007 இல் ஐரோப்பியச் சுதந்திர வர்த்தக அமைப்பின் நீதிமன்றம், தனியாரை மட்டும் இப்படி நடத்துவது பிழை என்று தீர்ப்புச் சொன்னது. நோர்வே என்ன செய்தது? 2008 இல் சட்டத்தை மாற்றி, பெரிய நீர்மின் நிலையங்களில் தனியார் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருக்கவே கூடாது என்று போட்டது. பிடிவாதம் என்றால் இது பிடிவாதம்.

இனி எண்ணெய். 1962 இல் பிலிப்ஸ் என்ற அமெரிக்கக் கொம்பனி நோர்வே அரசுக்கு ஒரு கடிதம் எழுதியது. மாதம் 160,000 டொலர் தருகிறோம், உங்கள் கடலுக்கு அடியில் தேடுகிற உரிமையை எங்களுக்கு மட்டும் தாருங்கள் என்று. வேறு எத்தனையோ நாடுகள் அந்தக் காசைக் கண்டவுடன் கையெழுத்து வைத்திருக்கும். நோர்வே மறுத்தது. 1963 இல் கடலடியும் அதில் இருப்பதும் அரசுக்குச் சொந்தம் என்று பிரகடனம் செய்தது. பிறகு பகுதி பகுதியாகப் பிரித்துப் பல கொம்பனிகளுக்கு அனுமதி கொடுத்தது. 1969 நத்தார் நேரம் அதே பிலிப்ஸ் கொம்பனி எக்கோஃபிஸ்க் என்ற பெரும் எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தது. 

இதற்குள் ஒரு அகதியின் கதையும் இருக்கிறது (அகதி என்று சொல்லலாமோ தெரியாது, எங்கள் ஆள் மாதிரித்தான்). பாரூக் அல் காசிம், ஈராக்கில் பஸ்ராவில் பிறந்த எண்ணெய்ப் புவியியலாளர். மனைவி நோர்வேக்காரி. பிள்ளைக்கு மூளைவாதம், நல்ல வைத்தியத்துக்காக 1968 இல் வேலையை விட்டுவிட்டு நோர்வே வந்தார். ஒஸ்லோவில் இறங்கியபோது மனைவியின் ஊருக்குப் போகிற றெயினுக்குப் பின்னேரம் வரை நேரம் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று கைத்தொழில் அமைச்சுக்கு நடந்துபோய், நாட்டில் எந்த எந்த எண்ணெய்க் கொம்பனிகள் இருக்கின்றன, ஒரு பட்டியல் தரமுடியுமோ என்று கேட்டார். அமைச்சில் எண்ணெய் பற்றித் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கொஞ்ச நாளில் அவருக்கு அங்கேயே வேலை. எங்களில் எத்தனை பேர் சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருப்போம்! அவருக்குக் கதவு திறந்தது. அவர் உதவியோடு எழுதின கொள்கைதான் பிறகு அரச எண்ணெய்க் கொம்பனிக்கும் அதைக் கண்காணிக்கிற தனி இயக்குனரகத்துக்கும் வழிவிட்டது. இரண்டும் 1972 இல் வந்தன.

தண்ணீருக்குப் பழகிய கைதான் எண்ணெயையும் பிடித்தது. இயற்கை தந்தது பொதுச்சொத்து, கொம்பனி வாடகைக்கு இருக்கிறவன். எண்ணெய் லாபத்தில் 78 வீதம் வரி. 1990 இல் சட்டம் போட்டு, 1996 இல் முதல் காசு வைத்த சேமிப்பு நிதி, 2024 டிசம்பரில் 20 இலட்சம் கோடி குரோனரைத் தாண்டியது. சனத்தொகை ஐம்பத்தைந்து இலட்சம் மட்டில். இப்போது பாரன்ற்ஸ் கடலில் ஒரு புது எண்ணெய் வயல் 2025 இல் உற்பத்தியைத் தொடங்கியிருக்கிறது. அதன் பேர் யோகான் காஸ்ற்பேர்க். ஆறுகளைக் காப்பாற்றிய அமைச்சரின் பேரை எண்ணெய்க் கிணற்றுக்கு வைத்திருக்கிறார்கள்.

முரண்பாடு இதோடு முடியவில்லை. 2023 இல் கரையில் இருந்து 140 கிலோமீற்றர் தள்ளிக் கடலில் மிதக்கிற 11 காற்றாலைகளைத் திறந்தார்கள். 88 மெகாவற். அந்த மின்சாரம் யாருக்கு? ஸ்னோர, குல்ஃபக்ஸ் என்ற எண்ணெய் மேடைகளுக்கு. எண்ணெய் எடுக்கிற இயந்திரம் காற்றில் ஓடினால் நாட்டின் புகைக் கணக்குக் குறையும். எடுத்த எண்ணெய் வேறு நாட்டில் எரியும்போது அது அந்த நாட்டின் கணக்கு. சாராயம் விற்கிறவர் தான் ஒரு துளியும் தொடமாட்டார் என்று சொல்வது மாதிரி.

இவ்வளவும் வாசித்து முடித்து மச்சானுக்கு ரெலிபோன் எடுத்தேன். "உங்கட நாடு கெட்டிக்கார நாடு" என்றேன். அவருக்கு நல்ல சந்தோசம். பிறகுதான் கதையின் மற்றப் பக்கத்தை வாசித்தேன்.

நோர்வேயின் வடக்கில் சாமி என்ற ஆதிக்குடிகள் இருக்கிறார்கள் (எங்கள் கோயில் சாமி இல்லை). தனி மொழி, துருவமான் மேய்ப்பு, மீன்பிடி. பல தலைமுறையாகப் பள்ளிக்கூடத்தில் அவர்களின் மொழி தடுக்கப்பட்டிருந்தது. 1968 இல் அரச மின் அதிகாரிகள் அல்ற்றா ஆற்றை மறித்து அணை கட்டத் திட்டம் போட்டார்கள். முதல் திட்டத்தின்படி மாசி என்ற சாமிக் கிராமம் முழுவதுமே தண்ணீருக்குள் போகவேண்டும். எதிர்ப்பு வந்ததால் 1973 இல் கிராமத்தை விட்டுவிட்டு, திட்டத்தைச் சின்னதாக்கி, 1978 இல் பாராளுமன்றம் சம்மதித்தது. மேய்ச்சல் தரை போகும், மான் போகும் பாதை போகும் என்று சனம் விடவில்லை. 1979 ஒக்ரோபரில் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடாரம் அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில், உறைபனியில், சங்கிலியால் தங்களைக் கட்டிக்கொண்டு பாதையை மறித்தவர்களை 600 பொலிஸ்காரர் வந்து தூக்கினார்கள். 1982 இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1987 இல் நிலையம் ஓடத் தொடங்கியது.

அதே 1987 இல்தான் நோர்வேப் பிரதமர் குரோ ஹார்லெம் புருன்ட்லாண்ட் தலைமையில் ஐக்கிய நாடுகள் ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்து, "நிலைத்திருக்கும் அபிவிருத்தி" என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியது. 1981 பெப்ரவரியில் சாமிப் பெண்கள் உள்ளே போய் இருந்து எழும்ப மறுத்ததும் அதே புருன்ட்லாண்டின் அலுவலகத்தில்தான்.

அணையில் தோற்றாலும் அந்தப் போராட்டம் வீண்போகவில்லை. 1989 இல் சாமிப் பாராளுமன்றம் திறந்தது. 1990 இல் ஆதிக்குடிகள் உரிமை பற்றிய சர்வதேசத் தொழில் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையை உலகில் முதல் ஏற்ற நாடு நோர்வே. 1997 இல் அரசரே மன்னிப்புக் கேட்டார். எங்களுக்கு இதெல்லாம் கனவு.

ஆனால் மன்னிப்புக் கேட்டவர்கள் திரும்பவும் அதையே செய்தார்கள். 2010 இல், நடு நோர்வேயில் ஃபோசன் என்ற குடாநாட்டில் காற்றாலைக்கு அனுமதி கொடுத்தார்கள். அரச நிறுவனம் ஸ்ராட்கிராஃப்ட் முன்னின்று கட்டியது. மான்கள் மாரியில் மேய்கிற மேட்டுநிலத்தில் ஸ்தூர்ஹெய்யா, ருவான் என்ற இரண்டு இடங்களில் மட்டும் 151 காற்றாலைகள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கட்டினார்கள். 2018 இல் ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாட்டுக்கு எதிரான குழு, பொறுங்கள் என்று கேட்டது. பொறுக்கவில்லை. 2021 ஒக்ரோபர் 11 ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்: இந்த அனுமதி செல்லாது, சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியது.

தீர்ப்பு வந்த பிறகும் காற்றாலை சுற்றிக்கொண்டே இருந்தது! 500 நாள் கழித்து, 2023 பெப்ரவரியில், சாமி இளைஞர்கள் அமைச்சுக் கட்டடத்துக்குள் போய் இருந்தார்கள். எந்த அமைச்சு? எண்ணெய் மற்றும் எரிசக்தி அமைச்சு. எண்ணெய்க்கும் காற்றுக்கும் ஒரே கதவு. சுவீடன் பிள்ளை கிரேற்றா துன்பேர்க்கும் வந்து அவர்களோடு இருந்தா. பூமி சூடாகுது என்று பள்ளிக்கூடம் போகாமல் இருந்த அதே பிள்ளை, காற்றாலைக்கு எதிராக! அவ காற்றாலைக்கு எதிரி இல்லை, அடுத்தவன் நிலத்தில் கேளாமல் நட்டதற்குத்தான் எதிரி. அரசு மன்னிப்புக் கேட்டது. 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் இரண்டு மேய்ப்பர் குழுக்களோடும் உடன்பாடு வந்தது. காற்றாலைகள் நிற்கின்றன. மேய்ப்பர்களுக்கு வேறு மேய்ச்சல் நிலம், வருடாந்தப் பணம். நான் வாசித்தவற்றில் பெரிதாகப் பட்டது, இப்போதைய அனுமதிக்காலம் முடிந்த பிறகு நீடிப்பதென்றால் தெற்கு ஃபோசன் மேய்ப்பர்கள் "வேண்டாம்" என்று சொல்லலாம் என்பதுதான்.

திரும்பவும் மச்சானுக்கு எடுத்தேன். அவர் தொண்ணூறுகளில் ஃபின்மார்க்கில் மீன் பைக்றறியில் ஒன்பது வருசம் வேலை செய்தவர். எங்கள் சனம் கன பேர் அப்படித்தான் அங்கே தொடங்கினது. குளிருக்குள் நின்று மீன் வெட்டி, ஊருக்குக் காசு அனுப்பினது. அல்ற்றாவைத் தெரியுமோ என்று கேட்டேன். "தெரியும், ஏர்போட் இருக்கு" என்றார். ஆற்றையும் உண்ணாவிரதத்தையும் தெரியாது. "அந்த மான்காரரை கடையில காணுறனான், சிரிக்கிறவை. நாங்கள் கேட்டதில்லை மச்சான். எங்கட பிரச்சினையே எங்களுக்குப் பெரிசா இருந்தது" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் லா கூர்னெவ்வுக்கு வந்து இத்தனை வருசம், பக்கத்து வீட்டு அல்ஜீரியக் கிழவரிடம் அவர் ஏன் வந்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மன்னாருக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நான் மின்சாரம் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிச்சு, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்த சனம். போருக்குப் பிறகு சுன்னாகத்தில் டீசல் மின் நிலையத்தின் எண்ணெய் கிணறுகளுக்குள் இறங்கி, குடிதண்ணீர் நாசமாகி, அது 2019 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. ஆகவே காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுப்பது வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். வேணும்.

மன்னார்த் தீவில் "தம்பபவனி" என்ற பேரில் 30 காற்றாலைகள் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டன. 103 மெகாவற், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். தீவு சின்னது, கடல்மட்டத்தில் இருந்து உயரமும் குறைவு. இடம்பெயர் பறவைகள் வடக்கில் இருந்து வந்து இறங்குகிற வாசல். காற்றாலைக்கு ரோட்டுப் போட்டதால் மழைத்தண்ணீர் ஓட வழியில்லாமல் நிற்குது என்று சனம் சொல்கிறது. அடுத்ததாக இந்தியாவின் அதானி கொம்பனி மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவற் திட்டத்தோடு வந்தது. விலை பற்றியும் கேள்விப்பத்திரம் இல்லாமல் கொடுத்தது பற்றியும் சர்ச்சை, வழக்கு. 2025 பெப்ரவரியில் அந்தக் கொம்பனி விலகியது. ஆனால் வேறு கொம்பனிகளின் காற்றாலைகள் வந்தன. 2025 ஓகஸ்டில் மன்னார்ச் சனம் வீதியில் இருந்தது. ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்தார். செப்டெம்பர் கடைசியில் பொலிஸ் காவலோடு பாகங்களைக் கொண்டுவந்தார்கள், மறித்த சனத்தோடு மோதல். படத்தைப் பார்த்தபோது எனக்கு 1981 அல்ற்றா ஞாபகம் வந்தது. உறைபனிக்குப் பதில் வெயில், அவ்வளவுதான்.

அதே மன்னார்க் கடலுக்கு அடியில் 2011 இல் இயற்கை வாயுவும் கண்டுபிடித்திருக்கிறார்கள். எடுக்காமல் 2015 இல் கொம்பனி போய்விட்டது. ஒருநாள் இன்னொரு கொம்பனி வரும். அப்போது மேலே காற்று, கீழே காஸ், நடுவில் எங்கள் மீன்பிடிச் சனம்.

புலம்பெயர்ந்த நாங்கள் இரண்டு பக்கமாக நிற்கிறோம். ஒரு பக்கம், "காற்றாலை வந்தால் முன்னேற்றம், சனத்துக்கு விளங்கேல்லை" என்கிறது. மற்றப் பக்கம், "எல்லாம் சதி, ஒன்றும் வேண்டாம்" என்கிறது. நோர்வேயை வாசித்த பிறகு இரண்டும் பிழை என்று எனக்குப் படுகிறது. கேட்கவேண்டிய கேள்விகள் 1909 இலேயே கேட்டாயிற்று. இந்தக் காற்று யாருக்குச் சொந்தம்? கொம்பனியின் காலம் எப்போது முடியும், முடிந்தபின் யாருக்குத் திரும்பும்? உற்பத்தியில் எத்தனை பங்கு மன்னார் நகரசபைக்கும் பிரதேச சபைகளுக்கும்? நாலாவது கேள்வியை 1909 இல் நோர்வேக்காரரும் கேட்கவில்லை, அதை அல்ற்றாவும் ஃபோசனும் சொல்லித்தந்தன: அந்த இடத்தில் வாழுகிற சனம் "வேண்டாம்" என்றால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறதா?

நோர்வேயில் எங்கள் சனம் இன்று நகரசபைகளில் இருக்கிறார்கள், பொறியியலாளராக, சட்டத்தரணியாக இருக்கிறார்கள். 1956 இல் யாழ்ப்பாணத்தில் இருந்து போன அன்ரனி ராஜேந்திரம், மீன்பிடியைக் கற்று, நோர்வேக்காரரிடம் காசு சேர்த்து, காரைநகரில் "சீநோர்" தொடங்கினார். எங்கள் கரையெல்லாம் அந்த வள்ளங்கள் ஓடினது. அவர் கொண்டுவந்தது வள்ளமும் வலையும். இன்றைக்கு அங்கேயிருந்து கொண்டுவரவேண்டியது அந்த 1909 சட்டத்தின் தமிழ் மொழிபெயர்ப்பும், ஃபோசன் தீர்ப்பின் தமிழ் மொழிபெயர்ப்பும். மன்னாரில் கூட்டம் வைக்கிற ஒரு குருவானவர் கையில், ஒரு மீனவர் சங்கத் தலைவர் கையில் அது இருந்தால் பிரயோசனம்.

மச்சானிடம் இதைச் சொன்னேன். அவரின் மூத்த மகள் ஒஸ்லோவில் சட்டம் படிக்கிறா. "தமிழ் எழுத அவ்வளவு வராது, ஆனால் கேட்டுப் பாக்கிறன்" என்றார். பிள்ளை நோர்வேஜிய மொழியில் வாசித்துச் சொல்லட்டும், தமிழை நான் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிறு பின்னேரம் எனக்கு லீவு. வருகிற ஞாயிறு தொடங்குகிறோம்.